லாஞ்ச்பேட் பக் ட்ராக்கர் ரிவ்யூ: ஸ்டேட்டஸ் வருது, விவரம் போகல

உபுண்டு யூஸ் பண்றவங்க எல்லாருக்கும் லாஞ்ச்பேட் பேர் தெரிஞ்சிருக்கும், ஆனா பாதிப் பேருக்கு பிபிஏ சேர்க்கற இடமா மட்டும்தான் தெரியும், ஏதாவது சாஃப்ட்வேரோட புது வெர்ஷன் வேணும்னா டெர்மினல்ல ஒரு வரி காப்பி பேஸ்ட் பண்ணுவோமே, அந்த இடம். எனக்கு அதோட பக் ட்ராக்கர்தான் பழக்கம், அதாவது சாஃப்ட்வேர்ல இருக்கற தப்பை (பக்) எல்லாரும் பதிவு பண்ற இடம். ரொம்ப நாளா வாலண்டியரா அதுல வர்ற பக்கை எல்லாம் பிரிச்சு, எது யாருக்குப் போகணும்னு பார்த்துக் கொடுக்கற ட்ரையேஜ் வேலை பண்ணிட்டு இருக்கேன், சரி ஒரு ப்ராடக்டுக்கு எழுதற மாதிரி இதுக்கும் ஒரு ரிவ்யூ எழுதிடலாம்னு உக்காந்தாச்சு. ஒப்பிட்டுப் பார்க்க டெபியனோட பக் ட்ராக்கரான பிடிஎஸ்ஸையும் எடுத்துக்கறேன், ஃபெடோரா நடுவுல கொஞ்சம் தலைகாட்டும் (உபுண்டு மாதிரியே இது ரெண்டும் லினக்ஸ் டிஸ்ட்ரோ).

முதல்ல இதுல என்ன பெரிய சிக்கல்னு கேக்கறவங்களுக்கு. நம்ம லேப்டாப்ல ஓடற ஒரு பிடிஎஃப் வியூவர்னு வெச்சுக்கோங்க, அதை எழுதறது ஒரு டீம், அவங்கதான் அப்ஸ்ட்ரீம். அதை எடுத்து பேக்கேஜ் பண்றது டெபியன்ல ஒருத்தர், அவர் தன் பங்குக்கு ரெண்டு பேட்ச் (கோட்ல சின்ன மாற்றம்) போட்டிருப்பார். அங்கிருந்து உபுண்டு எடுக்குது, அவங்க இன்னொரு பேட்ச் போடுவாங்க. இப்ப அது க்ராஷ் ஆகுதுன்னா தப்பு இந்த மூணு இடத்துல எங்க வேணாலும் இருக்கலாம், இல்லன்னா அது கூப்பிடற ஏதாவது ஒரு லைப்ரரில இருக்கலாம், அதுக்கு தனியா வேற ஒரு அப்ஸ்ட்ரீம். யூஸருக்கு இதெல்லாம் தெரியாது, தெரியணும்னு அவசியமும் இல்ல. அவர் அப்ஸ்ட்ரீம்ல போய் சொன்னா "நீங்க வெச்சிருக்கறது ரெண்டு வருஷப் பழைய வெர்ஷன், புதுசுல பாருங்க"ன்னு சொல்லுவாங்க, டிஸ்ட்ரோல சொன்னா "இது அப்ஸ்ட்ரீம் பிரச்சினை, அங்க சொல்லுங்க"ன்னு சொல்லுவாங்க, ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தான், நடுவுல அலையறது யூஸர்.

இந்த அலைச்சலை மனசுல வெச்சுத்தான் லாஞ்ச்பேட் ட்ராக்கரைக் கட்டியிருக்காங்க, அந்த ஐடியாவுக்கு மட்டும் நான் முழு மார்க் போடுவேன். மத்த ட்ராக்கர்ல ஒரு பக்னா ஒரு ப்ராஜெக்ட், ஒரு ஸ்டேட்டஸ், அவ்ளோதான். இங்க ஒரே பக் நம்பர், ஆனா மேல ஒரு டேபிள் இருக்கும், ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு இடம். முதல் வரி அப்ஸ்ட்ரீம் ப்ராஜெக்ட், அடுத்தது உபுண்டு பேக்கேஜ், அதுக்குக் கீழே 22.04க்கு ஒரு வரி, 24.04க்கு ஒரு வரி, அப்புறம் டெபியனுக்கு ஒண்ணு. ஒவ்வொரு வரிக்கும் தனி ஸ்டேட்டஸ், தனி முக்கியத்துவம், தனி ஆள். அதனால "அப்ஸ்ட்ரீம்ல சரி பண்ணிட்டாங்க, டெபியன்ல வந்துடுச்சு, உபுண்டு புது ரிலீஸ்ல இருக்கு, ஆனா நீங்க வெச்சிருக்கற எல்டிஎஸ்ல (ரொம்ப நாள் சப்போர்ட் உள்ள ரிலீஸ்) இன்னும் வரல" அப்படிங்கற நாலு விஷயத்தையும் ஒரே பார்வையில பார்த்துடலாம். 2004ல ஆரம்பிச்ச ஒரு சைட், அப்ப மலோன்னு பேரு இந்த ட்ராக்கருக்கு, அந்தக் காலத்துலயே இதை யோசிச்சிருக்காங்க, இன்னைக்கு வரைக்கும் கிட்ஹப்ல இப்படி ஒரு டேபிள் கிடையாது. (ஜாலிக்காக: அதோட நம்பர் 1 பக் என்னன்னா "மைக்ரோசாஃப்ட்தான் மார்க்கெட்ல பெரும்பங்கு வெச்சிருக்கு" அப்படிங்கறதுதான், உபுண்டுவை ஆரம்பிச்ச மார்க் ஷட்டில்வொர்த் 2004 ஆகஸ்ட்ல போட்டார், 2013 மே மாசம் அவரே மூடினார்.)

சரி, அப்ஸ்ட்ரீம் லாஞ்ச்பேட்லயே இல்லன்னா? பெரும்பாலும் இருக்க மாட்டாங்க. அதுக்குத்தான் பக் வாட்ச்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. அப்ஸ்ட்ரீமோட பக்ஸில்லா, கிட்ஹப், கிட்லேப், டெபியன் பிடிஎஸ், இப்படி எங்க இருந்தாலும் அந்த லிங்க்கைக் கொடுத்தா லாஞ்ச்பேட் அப்பப்போ போய்ப் பார்த்து ஸ்டேட்டஸைக் கொண்டு வந்து வைக்கும். அப்படிக் கொண்டு வந்த வரியில நாம கை வைக்க முடியாது, அங்க மாறினாத்தான் இங்க மாறும், இது ரொம்ப சரி, இல்லன்னா ஆளாளுக்கு மாத்தி வெச்சிருப்பாங்க. முக்கியத்துவம் பல நேரம் "அன்நோன்"னு நிக்கும், அதைப் பார்த்து பயப்பட வேணாம், பெரும்பாலும் அந்தப் பக்கத்து ட்ராக்கர்ல அப்படி ஒரு ஃபீல்ட் இல்லன்னு அர்த்தம்.

இப்ப குறை. இந்த வாட்ச் என்ன பண்ணுதுன்னு நல்லா கவனிங்க, அந்தப் பக்கத்துலேர்ந்து இந்தப் பக்கம் ஸ்டேட்டஸ் வருது. இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் என்ன போகுது? பொதுவா ஒண்ணும் போகல. உபுண்டு பக்கத்துல அறுபது கமெண்ட் இருக்கும், அதுல எங்கயோ ஒருத்தர் எந்த வெர்ஷன்ல ஆரம்பிச்சதுன்னு கண்டுபிடிச்சிருப்பார், இன்னொருத்தர் க்ராஷ் ஆகிற சின்ன ஃபைல் ஒண்ணு இணைச்சிருப்பார், அப்ஸ்ட்ரீம் டெவலப்பருக்கு இது ரெண்டும் போயிருந்தா சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிருக்கற வேலை. ஆனா யாரோ ஒருத்தர் அப்ஸ்ட்ரீம் ட்ராக்கர்ல "விவரத்துக்கு லாஞ்ச்பேட் லிங்க்கைப் பாருங்க"ன்னு ஒரு வரி எழுதிட்டு, இங்க வாட்ச்சைச் சேர்த்துட்டு, ட்ரையேஜ்ட்னு ஸ்டேட்டஸ் போட்டுட்டுப் போயிருப்பார். டேபிளைப் பார்த்தா எல்லாம் கச்சிதமா இருக்கு, பச்சை நீலம்னு கலர் வேற. அந்தப் பக்கத்து டெவலப்பர் அறுபது கமெண்டையும் படிக்கப் போறதில்ல. அவர் இடத்துல நான் இருந்தாலும் படிக்க மாட்டேன்.

ஒரு உதாரணம் சொன்னா புரியும், ஆப் பேரும் டிஸ்ட்ரோ பேரும் வேணாம். ஒரு டாக்குமெண்ட் வியூவர்ல தமிழ்ல தேடினா சில வார்த்தை மட்டும் கிடைக்காது. "மரம்" கிடைக்கும், "கொடி" கிடைக்காது. ரிப்போர்ட் "தமிழ் சர்ச் வேலை செய்யல"ன்னு வந்திருந்துச்சு, டிஸ்ட்ரோ பக்கத்துல வழக்கம்போல லாக் ஃபைல் கேட்டாங்க, லாக்ல என்ன இருக்கும், ஒரு எர்ரரும் இருக்காது, பதில் வராததால அது அப்படியே காலாவதி ஆச்சு. விஷயம் என்னன்னா "கொ"ல இருக்கற ஒகரக் குறியை யூனிகோட்ல ரெண்டு விதமா எழுதலாம், 0BCAங்கற கோட்பாயிண்ட்ல (யூனிகோட் எண்) ஒரே குறியாவும் வைக்கலாம், எகரக் கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டு குறியாவும் வைக்கலாம், ஸ்டாண்டர்ட் ரெண்டையும் ஒண்ணாத்தான் பார்க்கணும்னு சொல்லுது. ஃபைல்ல ஒரு விதம், கீபோர்ட்லேர்ந்து வந்தது இன்னொரு விதம், தேடறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஒரே மாதிரி ஆக்கற நார்மலைசேஷனை அந்த ஆப் பண்ணல. இதை அப்ஸ்ட்ரீமுக்குச் சொல்லணும்னா என்ன வேணும்? தமிழ் தெரியாத ஒரு டெவலப்பர் திறந்து பார்க்கற மாதிரி ரெண்டே வரி உள்ள ஃபைல், ஒவ்வொண்ணுக்கும் கோட்பாயிண்ட், எது கிடைக்கணும் எது கிடைக்கல, புது வெர்ஷன்லயும் இப்படித்தான்ங்கற ஒரு வரி, அவ்ளோதான். அப்படி எழுதிப் போட்டதும் அங்க பேச்சே வேற மாதிரி ஆயிடுச்சு, எந்த ஃபங்ஷன்ல மாத்தணும்ங்கறதுல போய் நின்னாங்க. ட்ராக்கரை ட்ராக்கரோட இணைக்கறதால இது நடக்காது, ஒருத்தர் உக்காந்து சுருக்கி எழுதணும், லாஞ்ச்பேட் அதுக்குன்னு ஒரு கட்டம்கூடத் தரல.

ஸ்டேட்டஸ் பத்தி. புதுசா வர்றவங்க இதுலதான் குழம்புவாங்க. ஒரு பக் "நியூ"ல இருக்கும், இன்னொருத்தர் "எனக்கும் இதே"ன்னு பட்டனை அழுத்தினா தானா "கன்ஃபர்ம்ட்" ஆயிடும், அதுக்கு யாரோ ஆராய்ஞ்சு பார்த்தாங்கன்னு அர்த்தம் இல்ல. "ட்ரையேஜ்ட்" மட்டும் எல்லாரும் போட முடியாது, உபுண்டு பக் கண்ட்ரோல் டீம்ல இருக்கணும், அந்த வடிகட்டல் எனக்குப் பிடிச்சிருக்கு. "இன்கம்ப்ளீட்"ல போட்டு யாரும் பதில் சொல்லலன்னா 60 நாள்ல தானா காலாவதி. இதைத் திட்டறவங்க நிறைய, நான் திட்ட மாட்டேன், ஆள் பற்றாக்குறைல வேற வழியில்ல, ஃபெடோராவிலயும் ரிலீஸோட ஆயுசு சுமார் 13 மாசம், அது முடிஞ்சா அந்த வெர்ஷன் மேல இருக்கற பக் எல்லாம் கூண்டோட மூடப்படும். ஆனா தப்பான கேள்வியைக் கேட்டுட்டு, பதில் வரலன்னு மூடறது இருக்கு பாருங்க, அதுதான் எரிச்சல். அப்புறம் "ஃபிக்ஸ் கமிட்டட்", "ஃபிக்ஸ் ரிலீஸ்ட்". அப்ஸ்ட்ரீம் வரியில கமிட்டட்னா கோட்ல சேர்ந்துடுச்சு, ரிலீஸ்ட்னா வெர்ஷன் வந்துடுச்சு. உபுண்டு வரியில ரிலீஸ்ட்னா ஆர்க்கைவ்ல வந்தாச்சு. யூஸர் மேல் வரியைப் பார்த்துட்டு "ரிலீஸ் பண்ணியாச்சுன்னு போட்டிருக்கு, எனக்கு வரலையே"ன்னு கேப்பார். அவர் தப்பு இல்ல, டேபிள் அவ்ளோ தெளிவா எழுதல.

எல்டிஎஸ்ல ஒரு ஃபிக்ஸைக் கொண்டு வர எஸ்ஆர்யுனு ஒரு முறை இருக்கு, இந்த இடத்துல லாஞ்ச்பேட் ஜொலிக்குது. பக் விளக்கத்துலயே பாதிப்பு என்ன, எப்படி டெஸ்ட் பண்றது, எங்க உடையலாம்னு தலைப்புப் போட்டு எழுதணும், ஃபிக்ஸ் முதல்ல அடுத்த ரிலீஸ்ல சேர்ந்திருக்கணும், அப்புறம் ப்ரொபோஸ்ட்ங்கற சோதனை இடத்துல பேக்கேஜ் வரும், யாராவது போட்டுப் பார்த்து வெரிஃபிகேஷன் டேகை மாத்தணும், குறைஞ்சது 7 நாள் அங்கயே இருக்கணும், அதுக்கப்புறம்தான் எல்லாருக்கும் அப்டேட்டா வரும். மெதுவு, ஆனா எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு வெளியில இருக்கற எவனும் பார்க்கலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கற பசங்க யாராவது ஓப்பன் சோர்ஸ்ல எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டா நான் இந்த வெரிஃபிகேஷனைத்தான் காட்டுவேன், கோட் எழுத வேண்டாம், ஒரு விர்ச்சுவல் மெஷின் போதும்.

டெபியன் பிடிஎஸ்ஸுக்கு வருவோம். 1994ல இயான் ஜாக்சன் எழுதினது, பார்க்கவும் 1994 மாதிரியேதான் இருக்கும், வெப்ல படிக்கலாம், ஆனா எதையும் மாத்தணும்னா மெயில்தான் அனுப்பணும். பட்டன் கிடையாது, லாகின் கிடையாது. புதுசா பார்க்கறவங்களுக்குத் தலை சுத்தும். பக் நம்பர் 2021லயே 10 லட்சத்தைத் தொட்டுடுச்சு, இன்னும் அதே மெயில்தான். ஆனா ஒரு விஷயத்துல இது லாஞ்ச்பேடைத் தூக்கிச் சாப்பிடும். ஒரு பக்கை அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பறதுன்னா மெயின்டெய்னர் அப்ஸ்ட்ரீமுக்கு ஒரு மெயில் எழுதறார், அதுலயே பக் நம்பரோட "ஃபார்வர்டட்"னு முடியற டெபியன் அட்ரஸுக்கும் ஒரு காப்பி போடறார், பிடிஎஸ் அதைப் பிடிச்சு "அனுப்பியாச்சு"ன்னு குறிச்சுக்குது. அதாவது அனுப்பின விவரமும் அனுப்பினதா போடற குறியும் ஒரே மெயில். விவரம் எழுதாம குறி மட்டும் போடணும்னா அதுக்கு தனியா கண்ட்ரோல் கமாண்ட் அனுப்பணும், இப்ப அப்ஸ்ட்ரீம் எல்லாம் கிட்ஹப் கிட்லேப்னு போனதால அதுவும் சகஜம்தான், ஆனா அந்தப் பழக்கம் ஊறிப்போன ஆளுங்க அங்கயும் ஒழுங்கா எழுதறாங்க. முக்கியமா இது யார் வேலைன்னு அங்க சந்தேகமே இல்ல, பேக்கேஜ் மெயின்டெய்னர் வேலை, டெவலப்பர் கையேட்லயே எழுதியிருக்கு. அதுக்கப்புறம் பிடிஎஸ்-லிங்க்னு ஒரு ரோபோ போய் அப்ஸ்ட்ரீம்ல மூடிட்டாங்களான்னு பார்த்துட்டு வந்து "ஃபிக்ஸ்ட்-அப்ஸ்ட்ரீம்"னு டேக் போடும். லாஞ்ச்பேட் வாட்ச் பண்ற அதே வேலைதான், ஆனா முன்னாடி ஒரு மனுஷன் பேசி முடிச்ச பிறகு.

பேட்ச்சுக்கும் இப்படி ஒரு ஒழுங்கு இருக்கு, டெப்-3னு சொல்லுவாங்க. டெபியன் பேக்கேஜுக்குள்ள இருக்கற ஒவ்வொரு பேட்ச் ஃபைல் தலையிலயும் இது எங்கேர்ந்து வந்தது, அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பியாச்சா, எந்த பக்குக்காகன்னு நாலஞ்சு வரி. "ஃபார்வர்டட்: நோ"ன்னு ஒரு பேட்ச் வருஷக்கணக்கா கிடந்தா அது கண்ணுல உறுத்தும், உறுத்தணும். ஏன் இவ்ளோ கறார்னு கேட்டா 2008ஐத்தான் காட்டணும். ரகசியச் சாவி உருவாக்கற ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரில, மெமரி தப்பைக் கண்டுபிடிக்கற வால்கிரைண்ட் டூல் குறை சொல்லுதுன்னு 2006ல டெபியன் பக்கத்துல ரெண்டு வரியை எடுத்தாங்க, எடுக்கலாமான்னு அப்ஸ்ட்ரீம் டெவலப்பர்கள்கிட்ட கேட்டும் இருக்காங்க, டீபக் பண்ண உதவும்னா எடுக்கலாம்னு பதிலும் வந்திருக்கு, ஆனா இதை டெபியன்ல எல்லாருக்கும் போடப் போறோம், இதான் பேட்ச், பார்த்துச் சொல்லுங்கன்னு அந்த பேட்ச் முறையா அங்க போய் ரிவ்யூ ஆகல. விளைவு, சாவி உருவாக்கற ரேண்டம் நம்பருக்கு ஓடற ப்ரோக்ராமோட நம்பரான ப்ராசஸ் ஐடி மட்டும்தான் மிச்சம், ஒவ்வொரு வகை சாவிக்கும் மொத்தமே 32,768 வாய்ப்பு. லூசியானோ பெல்லோ கண்டுபிடிச்சு 2008 மே 13 அறிவிப்பு வந்தப்ப அந்த மாற்றத்துக்கு அப்புறம் டெபியன், உபுண்டு ரெண்டுலயும் உருவாக்கின எஸ்எஸ்எச் சாவியை (சர்வருக்குள்ள நுழைய உதவறது) எல்லாம் தூக்கிப் போட வேண்டியதாப் போச்சு. ரெண்டு பக்கமும் பேசிக்கிட்டாங்க, ஆனா ரெண்டு பேரும் வேற வேற விஷயம் பேசியிருக்காங்க.

இதுவரைக்கும் டிஸ்ட்ரோ பக்கத்துலேர்ந்து பேசினேன், அப்ஸ்ட்ரீம் கோபமும் சும்மா இல்ல. எக்ஸ்ஸ்க்ரீன்சேவர் எழுதற ஜேமி ஜவின்ஸ்கி தன் ப்ரோக்ராம்லயே "இந்த வெர்ஷன் ரொம்பப் பழசு, அப்டேட் பண்ணுங்க"ன்னு எச்சரிக்கை வர்ற மாதிரி வெச்சிருந்தார், 2016ல டெபியன் ஸ்டேபிள் யூஸர்கள் ஸ்க்ரீன்ல அது குதிச்சு பெரிய ரகளை. அவர் எப்பவோ சரி பண்ணின பக்கை எல்லாம் டெபியன் யூஸருங்க அவருக்கே மெயில் போட்டா மனுஷன் என்ன பண்ணுவார். முறை முரட்டுத்தனம்தான், காரணம் நிஜம். 2025 பிப்ரவரில வீடியோ ரெக்கார்ட் பண்ற ஓபிஎஸ் ஸ்டுடியோவும் இதே கதை, ஃபெடோரா தானே கட்டின ஃப்ளாட்பேக் பேக்கேஜ் சரியா ஓடல, யூஸருங்க அது ஓபிஎஸ் கொடுத்ததுன்னு நினைச்சு அவங்ககிட்டயே புகார் சொன்னாங்க, லீகலா போவோம்னு ஓபிஎஸ் சொல்ற வரைக்கும் போயி, கடைசில ஃபெடோரா அந்த பேக்கேஜை நிறுத்திட்டு விஷயம் ஆறிச்சு. இது ரெண்டுலயும் கோட் பிரச்சினையை விட புகார் எந்த வாசலுக்குப் போகணும்ங்கறதுதான் பிரச்சினை. லாஞ்ச்பேட் பக்கம் இதுல ஒரு நல்ல பாயிண்ட், உபுண்டு-பக் கமாண்டை ஓட்டினா பேக்கேஜ் பேரு, வெர்ஷன் எல்லாம் தானா எடுத்துக்கிட்டு சரியான பக்கத்துக்குக் கொண்டு போகும், இது டிஸ்ட்ரோவோட அதிகாரபூர்வ பேக்கேஜ் இல்லன்னா அதையும் சொல்லிடும்.

இன்னொரு குறை, பழைய வாட்ச் லிங்க். க்னோம்ங்கற டெஸ்க்டாப் ப்ராஜெக்ட் 2018ல பக்ஸில்லாவை விட்டு கிட்லேபுக்குப் போச்சு, ஃப்ரீடெஸ்க்டாப்பும் போச்சு. லாஞ்ச்பேட்ல பழைய பக்ல இருக்கற வாட்ச் எல்லாம் இன்னும் அந்தப் பழைய வீட்டு அட்ரஸையே காட்டிட்டு நிக்கும். அப்ஸ்ட்ரீம்ல புது நம்பர்ல பக் எப்பவோ முடிஞ்சிருக்கும், இங்க பழைய லிங்க் "அங்க மூடிட்டாங்க"ன்னு சொல்லும், மூடினது சரியானதாலயா, இடம் மாறினதாலயான்னு உள்ள போய்ப் படிச்சாத்தான் தெரியும். இப்படிப்பட்டதை ஒண்ணொண்ணா தேடி லிங்க்கை மாத்தறதும் ட்ரையேஜ்தான், போரடிக்கும், யாரும் நன்றி சொல்ல மாட்டாங்க.

ஸ்னாப்னு உபுண்டுவோட தனி பேக்கேஜ் முறை வந்தப்புறம் கதை இன்னும் மாறுது. 22.04லேர்ந்து ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாத்தான் வருது, அதை வெளியிடறது மொசில்லாவே, அதனால அதுல வர்ற பக் நேரா மொசில்லா பக்ஸில்லாவுக்குப் போகலாம், நடுவுல டெபியன் இல்ல, பேட்ச் அடுக்கு இல்ல. ஸ்னாப்பைத் திட்டறவங்க திட்டட்டும் (ஸ்டார்ட் ஆக எடுத்த நேரத்துக்கு நானும் திட்டியிருக்கேன்), ட்ரையேஜ் பண்றவனுக்கு ஒரு அலைச்சல் மிச்சம்.

ரேட்டிங் கேட்டீங்கன்னா, டேபிளுக்கும் எஸ்ஆர்யு முறைக்கும் 5க்கு 5, வாட்ச்சுக்கு 3, தேடல் வசதிக்கு 2 (ட்யூப்ளிகேட் கண்டுபிடிக்க கூகுள்தான் கை கொடுக்குது), தோற்றத்துக்கு மார்க் போட மனசு வரல. டெபியன் பிடிஎஸ்ஸுக்கு மொத்தமா 4, மெயில் அனுப்பத் தயங்கறவங்களுக்கு 1. எனக்கு லாஞ்ச்பேட்ல ஒரே ஒரு மாற்றம் பண்ணக் கிடைச்சா, அப்ஸ்ட்ரீம் லிங்க்கை ஒட்டற பெட்டிக்குக் கீழேயே இன்னொரு பெட்டி வைப்பேன்: "அவங்களுக்கு என்ன எழுதினீங்க, இங்க ஒட்டுங்க". அது காலியா இருந்தா ட்ரையேஜ்ட்னு மாத்தற பட்டன் வேலையே செய்யக் கூடாது. டெப்-3ல பேட்ச்சுக்கு அஞ்சு வரி எழுதச் சொல்ல முடியும்னா பக்குக்கும் சொல்லலாம், லாஞ்ச்பேட் கோட் 2009லேர்ந்து ஏஜிபிஎல்ங்கற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்ல திறந்துதான் கிடக்கு, யாராவது பைத்தான் தெரிஞ்சவங்க கை வெச்சா டெஸ்ட் பண்ணித் தர நான் ரெடி.